விழுங்கித் திருப்பித் தந்தவர்

காலை ஏழரை மணிக்கு, ஐம்பத்தைந்து வயதான ஒரு பெண் தன் வீட்டு நடையில் கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி, முதுகை வளைத்துப் பாலம்போல நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. என் மகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தப் பாலத்துக்கு அடியால் தவழ்ந்து மறுபக்கம் போவாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அப்போதுதான் உலகத்துக்கு வந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்து, "பிறந்துவிட்டாள்! எவ்வளவு அழகு!" என்பார். அதற்குப் பிறகுதான் கார்டெரியில் நாள் தொடங்கும்.

கார்டெரி என்றால் இங்கே குழந்தைகள் காப்பகம். அவருடையது கனடாவில், மொன்ட்ரியால்-நோர் பகுதியில், ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் அவர் தனியாக நடத்திய சின்னக் கார்டெரி. ஆறு பிள்ளைகள். அவர் எகிப்துக்காரர். கெய்ரோவில் சித்திரம் படிப்பித்தவர். பிள்ளைகள் அவரை 'தாந்த்' என்று கூப்பிட்டார்கள். நாங்கள் மாமி என்பதுபோல. பெற்றோரும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு கடிதத்தில் அதை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறேன். அதனாலேயே இங்கே எழுத மனம் வரவில்லை.

நல்ல உயரம். ஆனால் அவர் எந்த நேரமும் யாராவது ஒரு பிள்ளைக்கு மேலே வளைந்துதான் இருப்பார். ஒருவனுக்குச் சூப் ஊட்டும்போது, இன்னொருத்திக்குக் குளிர்ச்சட்டையின் சிப்பை இழுக்கும்போது, தூங்குகிறவனின் மூச்சைக் கவனிக்கும்போது. இடுப்புக்கு ஒரு அகலப் பட்டி கட்டியிருப்பார். வலிக்கவில்லையா என்று கேட்டால், "வானத்துக்கும் வலிக்கும். அது சொல்வதில்லை" என்பார்.

வானம் என்று அவர் சொன்னது கூரையில் இருந்தவளை.

பிள்ளைகள் மதியம் படுக்கும் அறையின் கூரை முழுவதும் ஒரு பெண் இருந்தாள். நான்கு கட்டில் விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, கருநீலச் சாயத்தில் தோய்த்து, தாந்தே அவளை வரைந்திருந்தார். பாதங்கள் ஒரு சுவரில் இறங்கியிருக்கும். நீட்டிய கைவிரல்கள் எதிர்ச் சுவரில் தொடும். இடையில் நீண்ட வயிறு, அதிலே கொட்டிவிட்டதுபோல நட்சத்திரங்கள். உடம்பில் வேறு துணி இல்லை. முதல் நாள் நான் அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டேன்.

"நூத்," என்றார் தாந்த். "பழைய எகிப்தில் வானத்துக்கு இந்தப் பெயர். பொழுதுபடச் சூரியனை வாயால் விழுங்குவாள். அது இரவெல்லாம் அவள் உடம்புக்குள்ளால் நடந்து போகும். விடியும்போது அதைத் திரும்பப் பெறுவாள்."

"நீங்கள் இவளைக் கும்பிடுகிறவரா?" என்று கேட்டேன்.

கழுத்தில் கிடந்த சிறிய சிலுவையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிற கோயில் வேறு. இவள் என் தெய்வம் இல்லை. என் ஊர்க் கூரை."

அவளைத் திசை பார்த்துத் தொங்கவிட அவருக்கு ஒரு கிழமை எடுத்ததாம். இந்த நகரத்தில் தெருப்பலகை கிழக்கு என்று சொல்வது கிழக்கில்லை. சூரியன் வேறு எங்கோ இருந்து வருகிறது. "நகரசபையை நம்பியிருந்தால் பாவம், தலையாலே பெற்றிருப்பாள்" என்றார். நான் சிரித்தேன். அவரிடம் இருக்கும்போது எனக்குச் சிரிப்பு இலேசாக வந்தது. இதையெல்லாம் எழுதும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

நாங்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டோம். இரண்டு பேருடைய பிரெஞ்சும் வேறு வேறு காலில் நொண்டும். எனக்கு எழுத வரும், பேசும்போது நாக்குத் தடுக்கும். அவர் தண்ணீர்போலப் பேசுவார், ஒரு வரி எழுதச் சொன்னால் பேனாவை என்னிடம் தந்துவிடுவார்.

அதற்கு முன்பு மகளை இரண்டு கார்டெரிகளில் விட்டுப் பார்த்துவிட்டோம். இரண்டிலும் அவள் மாதக்கணக்காக அழுதாள். அம்மா போனால் திரும்பி வரமாட்டாள் என்று மூன்று வயதில் அவளுக்கு ஒரு முடிவு இருந்தது. நகரத்தின் மறுகோடியில், புவாண்ட்-கிளேரில் எனக்கு அலுவலக வேலை. பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். பாதி வழியில் நின்று தொலைபேசி எடுத்து, அழுகிறாளா என்று கேட்பேன். தாந்திடம் விட்ட நான்காம் நாள் அழுகை நின்றது. அவர் செய்தது இவ்வளவுதான்: நான் மாலையில் கூட்டிப்போக வரும்போது, குனிந்து அவள் உச்சியில் வாயை வைத்து "ஹம்!" என்று கடிப்பதுபோலச் செய்வார். "விழுங்கிவிட்டேன். நாளைக் காலையில் பெறுவேன்." காலையில் பாலம். போவதும் வருவதும் ஒரே பாதையின் இரண்டு முனைகள் என்று ஆனபிறகு அவளுக்குப் பயம் விட்டுப்போனது. "வானம் ஒருவரையும் வைத்துக்கொள்ளாது. விழுங்கும், திருப்பித் தரும்" என்று தாந்த் அடிக்கடி சொல்வார்.

இன்னுமொன்று. என் மகளுக்கு நான் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து அனுப்புவேன். முந்திய கார்டெரிகளில் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். நானும் படித்தவள்தான், கண்ணூறு நாவூறு என்று விளக்க வெட்கமாக இருக்கும், பேசாமல் விட்டுவிடுவேன். தாந்துக்கு விளக்க வேண்டி வரவில்லை. மதியம் முகம் கழுவும்போது பொட்டு அழிந்தால், தன் கண்மைக் குச்சியால் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுவார். "அழகான பிள்ளையை வெறுங்கன்னத்தோடு விடுகிறதா?" என்பார். ஆறு பிள்ளைகளில் பொட்டோடு வந்தவள் இவள் ஒருத்திதான்.

இப்படி ஒருவர் மேல் எனக்கு என்ன குறை வந்தது என்று கேட்டால், நேரே பதில் சொல்ல முடியவில்லை. சிறிது சிறிதாக வந்தது.

மார்ச் மாதத்தில் ஒருநாள், பனி உருகும் நேரம், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும்போது கட்டடத்துக் கூரை விளிம்பிலிருந்து ஒரு பனிக்கட்டி பெயர்ந்து விழுந்திருக்கிறது. அவர் சத்தம் கேட்டதும் பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளுக்கு மேலே வளைந்துவிட்டார். கட்டி அவர் முதுகில் விழுந்து உடைந்தது. இதை இன்னொரு பிள்ளையின் தாய் எனக்குச் சொன்னாள். தாந்த் சொல்லவில்லை. கேட்டபோது, "ஆகாயத்திலிருந்து ஐஸ்கிரீம் விழுந்தது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் அதைக் கெடுக்கிறீர்கள்?" என்றார். வேறொருத்தியாக இருந்தால் அந்த முதுகை நினைத்திருப்பாள். நான் நினைத்தது, இதை ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று. அப்படியானால் வேறு என்னவெல்லாம் அறிவிக்காமல் இருக்கிறார் என்று.

பிறகு ஒரு மாலை நான் அவசரமாக மகளைத் தூக்கப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். "அம்மா, நில்லுங்கோ. தாந்த் இன்னும் என்னை விழுங்கேல்லை." வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், "நாளைக்குத் தாந்த் என்னைப் பெறுவா" என்றாள்.

"உன்னைப் பெத்தது நான்," என்றேன்.

"நீங்கள் ஒருக்கா. தாந்த் ஒவ்வொரு நாளும்."

மூன்றரை வயதுப் பிள்ளை கணக்காகச் சொன்ன பேச்சு. முன் இருக்கையில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, என் குரல் அப்படி இருந்திருக்கும்.

கடைசியாக நடந்தது இது. பல் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் ஒருநாள் மதியத்துக்குப் பிறகு, சொல்லாமல் நேரத்தோடு போனேன். கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். தூங்கி எழும்பிய பிள்ளைகளுக்காகத் தாந்த் மறுபடி பாலமாக நின்றார். ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்தார்கள். வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் கை தட்டினார்கள். என் மகள் கடைசி. அவள் தலை வெளியே தெரிந்ததும் தாந்த், "பெண்பிள்ளை! பெண்பிள்ளை!" என்று கத்தினார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர். மகளின் முகத்தில் இருந்த பெருமையை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை.

அவளை என் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். எனக்கு முழு மயக்கம் தந்திருந்தார்கள். நான் கண் விழித்தபோது கழுவித் துடைத்துத் துணியில் சுற்றி, யாரோ ஒருவர் கையில் இருந்தாள். பிறந்துவிட்டாள், எவ்வளவு அழகு என்று அந்த அறையில் யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

கதவுக் கண்ணாடியால் பார்த்த அன்றிரவு கணவரிடம் அந்தக் கூரைப் படத்தைப் பற்றித்தான் பேசினேன். பஸ்ஸில் நடந்ததைப் பேசவில்லை. அவர் டோர்வலில் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை. அலுத்து வந்து படுத்திருந்தார்.

"என்னப்பா, அவவிட்டயே போய்ச் சொல்லுமன்," என்றார். "அந்தப் படம் எனக்குச் சரிவரேல்லை எண்டு. ஒரு வசனம்."

"முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்லுறது? அவவுக்கு மனம் நோகுமெல்லே?"

"அப்ப?"

"கார்டெரியளை மேற்பார்க்கிற ஒஃபிசுக்கு எழுதுவம். அவையள் பதமாச் சொல்லுவினம். அது அவையளின்ர வேலை."

"நேர சொன்னா நோகும், ஒஃபிசுக்கு எழுதினா நோகாதோ? நல்ல நியாயம்," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பினார்.

அவருக்கு விளங்காது என்று நினைத்தேன். முகமுறிவு கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வேலி எங்கள் பக்கம் தள்ளியிருந்தாலும் அப்பா அவரிடம் போய்க் கேட்கமாட்டார். கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, தெருவில் கண்டால் சுகம் விசாரிப்பார். அதைத்தான் மரியாதை என்று நான் படித்திருந்தேன். அந்த மரியாதையைத்தான் தாந்துக்குச் செய்கிறேன் என்று என்னையே நம்பவைத்தேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் எழுதினேன். பிள்ளைகள் உறங்கும் அறையில் நிர்வாணப் பெண்ணின் உருவம் இருக்கிறது. பிள்ளைகளைத் தன் கைகால்களுக்கு இடையால் தவழ்ந்து வரச் செய்கிறார். அவர்களை விழுங்குவதாகத் தினமும் சொல்கிறார். தன் ஒப்பனைப் பொருளை ஒரு பிள்ளையின் முகத்தில் பூசுகிறார். பனிக்கட்டி விழுந்த விபத்தைப் பெற்றோருக்கு அறிவிக்கவில்லை. ஐந்து வசனம், ஐந்தும் உண்மை. ஓரிடத்தில் வினைச்சொல்லின் காலம் தவறியிருந்தது. அதையும் பார்த்துத் திருத்தினேன். கடைசியில், என் பெயரை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அனுப்பிவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். நன்றாகப் பசித்தது.

மேற்பார்வை அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி போகும், படம் கழன்றுவிடும், எல்லாம் முன்போல நடக்கும் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் இரண்டு பேர் கார்டெரிக்கே வந்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை மூடச் சொன்னார்கள்.

தாந்த் எல்லாப் பெற்றோருக்கும் தானே தொலைபேசி எடுத்தார். எனக்கும் எடுத்தார்.

"மரியாதையான பெண்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்," என்றார். "யாரோ ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு வசனமாக வாசித்துக் காட்டினார்கள். கேட்கக் கேட்க எனக்கே அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது." சிரித்தாரா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "மா பெல், ஒரு உதவி. பெற்றோர் யாராவது என்னைப் பற்றி நாலு வரி எழுதித் தந்தால் நல்லது என்கிறார்கள். நீங்கள் எழுதுகிறீர்களா?"

மா பெல் என்று, என் அழகே என்று, அவர் பிள்ளைகளையும் கூப்பிடுவார், எங்களையும் கூப்பிடுவார்.

என்னால் எப்படி எழுத முடியும்? அதே கோப்புக்குள், அதே பெயரில், அதே ஆள். நான் சொன்னது இதுதான்: "என் கணவருக்கு விருப்பமில்லை, தாந்த். அகதியாக வந்தவர். விசாரணை, அலுவலகம் என்றால் பயப்படுவார்."

"புரிகிறது," என்றார். "என்னால் உங்கள் வீட்டில் சண்டை வேண்டாம்."

கணவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவடியில் வந்து நின்றார். "நான் ஊரில ஆமியின்ர காவல் சென்றியெல்லாம் தாண்டி வந்தனான். எனக்கு உந்த ஒஃபிசுக்குப் பயமோ?" என்றார். பிறகு, மெதுவாக, "என்ர பேரைச் சொல்லியே தப்பினீர்?" என்றார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கார்டெரி இல்லாததால் மகளைப் பகலில் மச்சாளிடம் விட்டேன். கணவரின் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியது நான் என்பதையும். யாரிடமாவது திட்டு வாங்க வேண்டும்போல இருந்தது.

"எங்கட கோபுரத்தில நிக்கிற பொம்மையள் என்ன, சீலை உடுத்தே நிக்குதுகள்?" என்றார் மச்சாள். "அதுக்குக் கீழால தானே பிள்ளையைக் கொண்டுபோய் அருச்சனை செய்யிறீர்?"

"அது வேற, மச்சாள்."

"என்ன வேற? சின்னனில பயந்து அழுறீர் எண்டு உம்மைக் கோயில் யானைக்குக் கீழால விட்டெடுத்தது எண்டு நீர் தானே சொன்னனீர். அந்த யானையில யார் பெட்டிசம் எழுதிப் போட்டது?"

உண்மைதான். மூன்று முறை விட்டார்கள். எனக்கு மேலே பெரிய சாம்பல் வயிறு போய்க்கொண்டே இருந்ததும், மறுபக்கம் வெளிச்சத்தில் அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றதும் நினைவிருக்கிறது. அன்று முதல் நான் பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் பயந்த சுபாவம்தான். ஆனால் அந்த வயிற்றுக்குக் கீழே இருந்த நேரத்தில் பயம் இருக்கவில்லை. கார்டெரியின் கதவுக் கண்ணாடியால் பார்த்த அன்று இது எனக்கு நினைவு வராமல் போனதா, நான் வரவிடவில்லையா? இரண்டில் எதுவென்று இன்றுவரை எனக்கே தெரியாது.

மேற்பார்வை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். முடியாது, வேண்டுமானால் இன்னொன்று எழுதலாம் என்றார்கள். எழுதினேன். இந்த முறை நான்கு பக்கம் வந்தது. அழுகை நின்றதை எழுதினேன், பொட்டை எழுதினேன், முதுகில் விழுந்த பனிக்கட்டியை எழுதினேன். முதல் கடிதத்தை எழுத வைத்தது என் பொறாமை என்பதையும் எழுதினேன். அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் எழுதுவது தமிழில் எழுதுவதைவிட இலேசாக இருந்தது.

ஐந்து கிழமையில் விசாரணை முடிந்தது. தாந்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதற்குள் ஆறு குடும்பங்களில் நான்கு வேறு இடம் பார்த்துவிட்டன. மீதி இரண்டில் ஒன்று நாங்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாது; அனுமதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை பகல், இரண்டாம் கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கடிதத்தைக் கொடுத்தால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும், வாய் திறக்கத் தேவையில்லை என்று ஒரு எண்ணம். அங்கேயும் தாளைத்தான் நம்பிப் போனேன்.

கூரை வெறும் வெள்ளையாக இருந்தது. பிள்ளைகளின் சின்ன மேசையில், முழங்கால் நாடியைத் தொட, இருவரும் இருந்தோம். அவர் நான்கு பக்கத்தையும் வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள்," என்றார். "முதலாவதும் நன்றாகத்தான் இருந்தது."

அவர் விரலிலிருந்து கண்ணை எடுத்தேன். "நான் என்று தெரியுமா?"

"கண்மை வைத்தது ஒரு பிள்ளைக்குத்தானே."

"தெரிந்துகொண்டா என்னிடம் கடிதம் கேட்டீர்கள்?"

"மற்றவர்கள் யாருக்கு எழுத வரும்?" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமில்லை.

பிறகு எழும்பிப் போய் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற சமையற்கூடத்தில் ஆள் எடுக்கிறார்களாம். "இதை நிரப்பித் தாருங்கள். நான் எழுதினால் முதல் வரியிலேயே குப்பையில் போடுவார்கள்." தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சமையலறைக்குப் போனார்.

பெயர், முகவரி எழுதினேன். கடைசியாகப் பார்த்த வேலை: குழந்தைப் பராமரிப்பு. எத்தனை வருடம் என்று அங்கிருந்தே கேட்டு, பதினொன்று என்று எழுதினேன். அடுத்த கட்டம், அந்த வேலையை விட்ட காரணம். இரண்டு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். என் பெயரை எழுத ஒரு வரியே போதும். பேனா அங்கே நின்றுவிட்டது.

"எதில் நிற்கிறது?" என்று கேட்டார், திரும்பாமல்.

வாசித்துக் காட்டினேன். கொதித்த கேத்தலை எடுத்து இரண்டு கோப்பைகளிலும் ஊற்றினார்.

"பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று எழுதுங்கள்," என்றார்.

எழுதினேன்.